வெற்றிலைச் சிவப்பு

கருமத்தம்பட்டியில் பஸ் ஏறிய பத்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது.

பஸ்ஸுக்குக் கண்ணாடி கிடையாது. சுருட்டிக் கட்டிய படுதாதான். அதை அவிழ்த்துவிட வேண்டிய இளைஞன் முன் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சாரல் அவன் தோளைத் தாண்டிப் பாவாத்தாளின் மடியில் விழுந்தது. மடியில் அவளுடைய விண்ணப்பம்.

“ஏனுங்க... மழைய அப்பறம் பார்த்துக்கலாமுங்க. படுதாவ எறக்குங்க.”

அவன் திரும்பினான். இமையெல்லாம் மழைத்துளி. பெரிய கண்கள்... தூக்கத்திலிருந்து இப்போதுதான் எழுந்து வந்தவை போல. ‘இத்தனை பெரிய கண்ணு இருந்து என்ன பிரயோசனம்’ என்று நினைத்தாள்.

“நாலு மாசம் கழிச்சு இன்னிக்குத்தானுங்க அம்மணி பெய்யுது. சித்த நேரம்...”

“உங்க நாலு மாசத்துக்காக என்ற ரெண்டு வருசத்த நனைச்சுப்போடாதீங்க.”

பக்கத்தில் இருந்த தாய்மாமன் திருமலைசாமி, “சும்மா இரு கண்ணு,” என்று அதட்டினார். அவன் படுதாவை இறக்கினான். கட்டுகிற கயிறு அறுந்திருந்தது. கோயமுத்தூர் வரைக்கும் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். சட்டைக் கை முழங்கை வரை நனைந்து ஒட்டியது. அவள் அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போல விண்ணப்பத்தைத் துடைத்தாள்.

எட்டாம் வகுப்புத் தேறிய கையோடு அவளைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. ஒன்றரை வருஷம் ஆட்டிவைத்தது. அது விட்டபோது அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கை, தம்பி, அம்மா... ஆலையில் நூல் சுற்றும் பகுதிக்குப் போனாள். மூன்று வருஷமாகப் பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டே படித்ததை மறக்காமல் வைத்திருந்தாள். இந்த ஆண்டு இரண்டு வருஷ ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை உண்டு. வீடு எப்படியும் ஓடும். விண்ணப்பத்தில், க்ஷயரோகம் இல்லை என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும். நாளை, சனிக்கிழமை மதியத்தோடு கெடு முடிகிறது.

டாக்டர் நரசிம்மலுவின் மருந்தகத்தில் பெயரை எழுத உட்கார்ந்திருந்த கம்பவுண்டர், பஸ்ஸில் படுதாவைப் பிடித்து வந்தவனேதான். முழங்கை வரை ஈரம்.

“வாங்க அம்மணி,” என்றான். “இங்க படுதா இல்லீங்க. சன்னல சாத்திப்போடட்டுங்களா?”

“எழுதற வேலையப் பாருங்க.”

அவன் பெயர் நஞ்சுண்டன் என்பது உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டதில் தெரிந்தது. கேள்விகளை வரிசையாகக் கேட்டான். காய்ச்சல் எப்போது? இருமல் உண்டா? கடைசியாக, “வெத்தலை போடுவீங்களா?”

திருமலைசாமி அரையடி தள்ளி உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகாத பெண் வெற்றிலை போட்டால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். ஆலையில் எல்லாப் பெண்களும் போடுவார்கள். தொண்டையில் பஞ்சு ஒட்டாது என்பார்கள். இன்று காலையும் போட்டிருந்தாள். அவசரமாக ஒரு வாய்த் தண்ணீர் விட்டுக் கொப்புளித்ததோடு சரி.

“இல்லீங்க,” என்றாள்.

வெள்ளைப் பீங்கான் கோப்பையை நீட்டினான். இருமித் துப்பினாள். அவன் அதைப் பார்த்தான்... கேலி எல்லாம் முகத்திலிருந்து வடிந்துவிட்டது. அவசரமாக ஏதோ எழுதி உள்ளே கொண்டுபோனான். திரும்பி வந்தபோது அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

டாக்டர் சீட்டைப் படித்தார். “பழைய காய்ச்சல், இருமல், இப்ப சளியில ரத்தம். ஆறு மாசம் ஓய்வு எடும்மா. கையெழுத்துப் போட முடியாது.”

வெளியே வந்ததும் மாமன், “போகட்டும் கண்ணு. என்ற பையன் இருக்கான். அவன் உன்னைக் காப்பாத்துவான்,” என்றார். குரலில் வருத்தத்தைக் காணோம்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அவள் அந்த வெற்றிலைச் சிவப்பையே நினைத்துக்கொண்டு வந்தாள். ரத்தம். ஒரு பொய்க்கு ஒரு வாழ்க்கை. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆலையிலேயே இருமிச் சாவதா... அந்த மானத்தை வைத்து என்ன செய்வது?

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினாள். தடுக்கப் பார்த்த மாமன் கடைசியில் தானும் ஏறிக்கொண்டார். மருந்தகத்தில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவள் டாக்டர் அறைக் கதவைத் தள்ளி அகலத் திறந்துவைத்தாள். இடுப்பில் இருந்த சுருக்குப் பையை எடுத்து, அத்தனை பேர் பார்க்க வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள். பாக்கு வைத்து மடித்தாள். வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

“கோப்பை கொடுங்க,” என்றாள் நஞ்சுண்டனிடம்.

துப்பினாள். “இதையும் ரத்தம்னு எழுதுங்க. மூணு வருசமா தெனமும் எனக்கு இந்த ரத்தந்தானுங்க.”

“பாவாத்தா,” என்று மாமன் பல்லைக் கடித்தார். “வெத்தலை போடற புள்ளைய என்ற பையன் கட்டமாட்டான். பார்த்துக்கோ.”

“ரொம்பச் சந்தோசமுங்க மாமா.”

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. “வெத்தலை போடுவாளான்னு கேட்டியா இல்லையா நஞ்சுண்டா?”

இல்லையென்று அவள்தானே சொன்னாள்... அவன் அதைச் சொன்னால் தீர்ந்தது. அவள் அவன் வாயையே பார்த்தாள்.

“தப்பு என்னுதுங்க. வாயக் கொப்புளிக்கச் சொல்லாம துப்பச் சொல்லிப்போட்டேன்.”

“மூணு வருஷம் கம்பவுண்டர். வெட்கமா இல்லே?”

“இருக்குதுங்க.”

“அவர் கேட்டாருங்க,” என்றாள் பாவாத்தாள். “நாந்தான் பொய் சொன்னேன்.”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று முறை கொப்புளிக்கச் சொன்னார். மறுபடி துப்பினாள். கோப்பை வெள்ளையாகவே இருந்தது. மார்பில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். “க்ஷயம் இல்லே. பஞ்சுத் தூசி. ஆலையை விட்டா இருமல் நிக்கும்.” கையெழுத்துப் போட்டார்.

மதியத்துக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள். மாமன் கோபத்தில் முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தார். பஸ் நிற்கும் இடத்தில் மறுபடி மழை. தகரக் கூரைக்கு அடியில் நஞ்சுண்டன் நின்றுகொண்டிருந்தான்.

“வேலை போச்சுங்களா?” என்று கேட்டாள்.

“திட்டு மட்டுந்தானுங்க.” மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எங்கக்கா அப்படித்தானுங்க துப்புவா. ஆனா அது வெத்தலை இல்லீங்க. அவளப் பார்த்துக்க நான் பள்ளிக்கொடத்த உட்டேன்... நேத்து செவப்பப் பார்த்ததும் கை தானா எழுதிப்போட்டுதுங்க.”

“நான் உங்கக்கா இல்லீங்க.”

“தெரியுமுங்க.” இப்போது அவளை நேராகப் பார்த்தான். “நீங்க செத்துருவீங்கன்னு நெனச்சுத்தானுங்க ராத்திரி தூங்கல. பஸ்ல ஒரு தடவ வைதீங்க, அவ்வளவுதான் பழக்கம். அதுக்குப் போயி ஒருத்தன் இப்படிக் கெடந்து தவிப்பானா... அப்பத்தானுங்க எனக்கே தெரிஞ்சுது.”

அவள் சுருக்குப் பையின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

“எனக்கு ரெண்டு வருசம் படிப்பு இருக்குதுங்க. பொறகு தங்கச்சியப் படிக்கவைக்கோணும். யாருக்காகவும் பாதியில நிறுத்தமாட்டேன்.”

“நிறுத்தச் சொல்ல நான் யாருங்க? ரெண்டு வருசம் கழிச்சு வெத்தலை பாக்குத் தட்டோட உங்க ஊட்டுக்கு வாரேன். வரலாமுங்களா?”

பஸ் வந்து நின்றது. அவள் ஏறி ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. படுதாவை இறக்கவில்லை.

“வாங்க,” என்றாள். “சுண்ணாம்ப மறந்துபோடாதீங்க.”