இனிக்கும் கியர் ஆயில்

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். இருபத்தெட்டு வருஷமா கார் மெக்கானிக்கா இருக்கறவன் இப்படிச் சொன்னா சிரிப்பீங்க. ஒர்க்ஷாப்லயும் சிரிக்கத்தான் செய்வாங்க. கிரீஸ், கரி, எலி செத்துக் கிடக்கிற ஏசி பெட்டி, எல்லாத்துலயும் கை வைப்பேன், ஆனா குமட்டிக்கிட்டேதான் வைப்பேன். என் மச்சினன் அப்படி இல்ல. அவனுக்கு ஒர்க்ஷாப்ல பேரே 'நாக்கு'தான். எந்த வண்டியில எந்த ஆயில் வடிஞ்சாலும், ஒரு சொட்டு எடுத்து நாக்கு நுனியில வெச்சுப் பாத்துட்டுத்தான் பேசுவான். கருகின ருசின்னா உள்ள கிளட்ச் தேஞ்சிருக்கு. இனிச்சா ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்கு. பெரும்பாலும் சரியா இருக்கும், அதான் இன்னும் எரிச்சல். திட்டினா, மெஷின் காட்டாததை நாக்கு காட்டும் மாமான்னு பல்லை இளிப்பான்.

தாய் இல்லாத பிள்ளை. என் சம்சாரம்தான் தம்பியை இடுப்புல தூக்கி வளத்தா. அவனை என்கூட வேலைக்கு அனுப்பினப்போ, "அவனுக்கு ஒண்ணுன்னா நீங்க வீட்டுப் பக்கமே வராதீங்க"ன்னு சொன்னா. விளையாட்டுக்குச் சொல்லல.

அந்தக் கறுப்பு வண்டியை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. ஒரு டாக்டரோடது. இருபத்தஞ்சு வருஷப் பழசு, ஆனா தோல் சீட்டும் மர டேஷ்போர்டுமா அந்தக் காலத்துப் பெரிய சொகுசு கார். இன்ஜின் வெடிச்சிருந்துச்சு. அதே கம்பெனியோட எட்டு சிலிண்டர் இன்ஜினைப் போட்டுக் கொடுங்கன்னார் டாக்டர். போடலாம், ஆனா கியர்பாக்ஸும் அந்த இன்ஜினோட ஜோடியா வரணும்னு சொன்னேன். இப்ப வண்டியில இருக்கற ஆறு சிலிண்டர் கியர்பாக்ஸ் எட்டோட சேராது. போல்ட் ஓட்டையே நேர் வராது, வந்தாலும் அந்த இழுப்பைத் தாங்காது. அதுவுமில்லாம இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் உண்டு. ஓட்டறவர் காலை எப்படி அழுத்தறார்னு பாத்துப் பாத்து ஞாபகம் வெச்சுக்கும். வண்டி மாறினா அதை அழிச்சுட்டுத்தான் ஓட்டணும். இல்லேன்னா பழைய ஆளோட காலுக்குத்தான் ஓடும், நமக்கு முரண்டு பிடிக்கும்.

பழைய வண்டிங்களைப் பிரிச்சு விக்கற உடைசல் யார்டுக்காரர் ஒருத்தர் இன்ஜின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர் மூணையும் ஒரே வண்டியில இருந்து கழட்டி அனுப்பினார். பின்னால இடி வாங்கின வண்டி, முன்பக்கம் கீறல்கூட இல்லைன்னு ஃபோன்ல அளந்தார். இன்ஜின் பளபளன்னு கழுவி இருந்துச்சு. உடைசல் கடையில எவன் இன்ஜினைக் கழுவித் தர்றான்? அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கியர்பாக்ஸ் மட்டும் நாறுச்சு.

முதல்ல பாசி நாத்தம். கிட்டப் போனா அதுக்கு அடியில இன்னொண்ணு. இறைச்சியை ஈரத்துணியில சுத்தி எங்கயோ வெச்சு மறந்துட்டா வருமே, அது.

புது ஆயில் ஊத்தறதுக்கு முன்னாடி பழசை வடிக்கணும். நாக்கு அடி போல்ட்டைக் கழட்டினான். சிவப்பா ஓட வேண்டிய ஆயில் இளஞ்சிவப்பு நுரையா, கொழகொழன்னு, நூல் நூலா இறங்குச்சு. வேணாம்டான்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவன் விரல் வாய்க்குள்ள இருந்துச்சு.

"இனிக்குது மாமா."

ரேடியேட்டர் தண்ணி அந்தப் பழைய வண்டியிலேயே கலந்திருக்கும்னு அவனே சொல்லிக்கிட்டான். அப்புறம் விரலை மறுபடி அந்த நுரையில முக்கி நக்கினான். எந்த ஆயிலையும் அவன் ரெண்டாவது தடவை ருசி பாத்ததே இல்ல.

கீழ்த்தட்டைக் கழட்டினோம். அதுக்குள்ள ஒரு வட்டக் காந்தம் இருக்கும். தேயற இரும்புத்தூள் ஆயிலோட சுத்தாம அதுல போய் ஒட்டிக்கும். அன்னைக்கு அதுல தூள் இல்ல.

நகம் இருந்துச்சு.

மனுச நகம். பத்தும் இருந்துச்சு. அகல அகலமா, வேரோட, அடியில வெளுத்த சதை ஒட்டிக்கிட்டு. கட்டைவிரல் நகம் ஒண்ணு நடுவுல நீளமாப் பிளந்திருந்துச்சு. துணியை வெச்சு இழுத்தேன். வரல. காந்தம் விடல.

நகம் காந்தத்துல ஒட்டாது.

வாசலுக்கு ஓடிப்போய் தின்னதெல்லாம் கக்கினேன். திரும்பி வந்தப்போ காந்தம் சுத்தமா இருந்துச்சு. நாக்கு புறங்கையால வாயைத் துடைச்சுக்கிட்டு நின்னான். எங்கடான்னு கேட்டேன். கழுவிட்டேன்னான்.

குழாயடி காஞ்சு கிடந்துச்சு.

யார்டுக்காரரைக் கூப்பிட்டுக் கிழிகிழின்னு கிழிச்சேன். மென்னு முழுங்கிக் கடைசியில ஒத்துக்கிட்டார். ஊருக்கு வெளிய ஒரு கல்குவாரித் தண்ணிக்குள்ள விழுந்த வண்டியாம். நாப்பது நாள் கழிச்சுத்தான் தூக்கியிருக்காங்க. ஓட்டினவர் உள்ளயே இருந்திருக்கார். கதவு இறுகிப்போய்த் திறக்க முடியலையாம்.

அப்பவே தூக்கிப் போட்டிருக்கணும். இப்படி ஒரு ஜோடி மறுபடி சிக்காதுன்னு எனக்கு ஒரு நப்பாசை. நாக்கும் விடல. சோறு தண்ணி இல்லாம ரெண்டு நாள்ல மொத்தத்தையும் கழுவி, மாட்டி முடிச்சான். கம்ப்யூட்டர் ஞாபகத்தை என் கையாலதான் அழிச்சேன். ரெண்டு தடவை அழிச்சேன்.

சோறு தண்ணி இல்லாமன்னு சொன்னது தப்பு. சோறுதான் இல்ல. எதைக் கொடுத்தாலும் இனிக்குதுன்னு தள்ளினவன், தண்ணியைக் குடம் குடமாக் குடிச்சான்னு என் சம்சாரம் சொன்னா. தலையணை நனைஞ்சு பாசி நாத்தம் அடிக்குதாம். மூணாம் நாள் அவன் விரல் நகமெல்லாம் ஒண்ணொண்ணாக் கழண்டு விழுந்துச்சு. ஒர்க்ஷாப் கெமிக்கல்தான் காரணம்னு அவ என்னை முறைச்சுக்கிட்டே மருந்து போட்டுவிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் வண்டியை ஓட்டிப் பாக்க எடுத்தேன். நான் ஓட்டினா ஒவ்வொரு கியருக்கும் உதைச்சுது. நாக்கு என்னைத் தள்ளிட்டு உக்காந்தான். சீட்டைக் கடைசிவரைக்கும் பின்னால தள்ளினான். அவன் குள்ளம். அந்த தூரத்துல அவனுக்குக் கால் எட்டவே எட்டாது.

எட்டுச்சு.

வலது கால் ஆக்சிலேட்டர்ல, இடது கால் பிரேக்குல. அவன் ஒருநாளும் அப்படி ஓட்டினதில்ல. கியர் வெண்ணெயா வழுக்குச்சு. நான் அழிச்ச ஞாபகம், இவன் காலுக்கு மட்டும் எப்படித் திரும்பி வந்துச்சு?

தார் ரோட்டை விட்டு மண் பாதையில இறக்கினான். ஏசியில இருந்து அந்தப் பாசி நாத்தம் முகத்துல அடிச்சுது. முன்னால கல்குவாரித் தண்ணி தெரிஞ்சப்போ நான் கதவுப் பிடியை இழுத்தேன்.

"திறக்காது சார்." தண்ணியில இருந்து கண்ணை எடுக்காமயே சொன்னான். "நாப்பது நாள் பாத்துட்டேன்."

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். முன் சக்கரம் சேத்துல புதைஞ்சு வண்டி நின்னுச்சு. அப்படியே ஸ்டியரிங் மேல சாஞ்சுட்டான். வாயோரத்துல இளஞ்சிவப்பா நுரை வழிஞ்சுது.

மறுநாளே இன்ஜின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் கழட்டி, என் கண் முன்னாலயே நசுக்க வெச்சேன். டாக்டர் கோவிச்சுக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். போகட்டும். நாக்கு மூணு நாள் தூங்கி எந்திரிச்சு, பசிக்குதுன்னான். என் சம்சாரம் அழுதுக்கிட்டே ஊட்டிவிட்டா. அதுக்கப்புறம் பழையபடி சாப்பிட்டான், தூங்கினான், பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மி. முன்ன மாதிரி என்னை மாமான்னு கூப்பிடறதில்லைங்கறது எனக்கு அப்போ தோணல.

நாலு மாசம் போச்சு. நேத்து காலையில ஹால்ல பேப்பரை விரிச்சு, என் சம்சாரம் தம்பிக்கு நகம் வெட்டிவிட்டுக்கிட்டிருந்தா. எவ்வளவு நல்லா வளந்திருக்கு பாருங்கன்னு அவன் கையைத் தூக்கிக் காட்டினா. அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

அவன் நகம் எப்பவும் ஒடுக்கமா இருக்கும். இது அகலம். கட்டைவிரல் நகம் நடுவுல நீளமாப் பிளந்திருந்துச்சு.

அடுப்புல பால் பொங்குற சத்தம் கேட்டு அவ எந்திரிச்சு ஓடினா. நான் பேப்பரை மடிக்கக் குனிஞ்சேன். கீழ விழுந்த நட்டு எடுக்கற காந்தக் கம்பி ஒண்ணு எப்பவும் என் சட்டைப் பையில இருக்கும்.

வெட்டின நகமெல்லாம் எழும்பி வந்து அதுல ஒட்டுச்சு.

நிமிந்து பாத்தேன். அவனும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். சமையக்கட்டு பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு, என் காதுகிட்ட குனிஞ்சான். மூச்சு இனிப்பா நாறுச்சு.

"அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார். பாவம், தம்பின்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."