இனி ஷைலஜாவாக இவர்

ஷைலஜாவின் டப்பாவிலிருந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததுமே வேதவல்லிக்குத் தெரிந்துவிட்டது, எதிரே உட்கார்ந்திருப்பது ஷைலஜா இல்லை.

முகம் ஷைலஜாவுடையதுதான். இடது கன்னத்தில் குழி விழுந்தது. நெற்றியில் அந்த ஒற்றை முடி வழக்கம்போல் அடங்காமல் கிடந்தது. குரலும் அதே குரல். தீயல் மட்டும் வேறு. தேங்காயை வறுத்து அரைத்து, சின்ன வெங்காயம் போட்டு வைக்கிற நாகர்கோவில் பக்கத்துக் குழம்பு அது. செவ்வாய்க்கிழமை தோறும் அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வேதவல்லியின் நாக்குக்குப் பழக்கமாகிவிட்டது. இன்று டப்பாவில் இருந்தது தீயல் வேஷம் போட்ட வத்தக்குழம்பு.

"என்ன மீரா, அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் எதிரே இருந்தவள்.

மீரா என்பது வேதவல்லியின் அலுவலகப் பெயர். அவளுடைய பெயர் என்பதைவிட அந்த நாற்காலியின் பெயர் என்பதுதான் சரி.

நிரந்தரா நிறுவனத்தில் எல்லாம் அப்படித்தான். காலையில் ஒவ்வொருவரும் தனித்தனி வாசல் வழியாகத் தனித்தனி அறைக்குள் போவார்கள். கண்ணில் முகவில்லையை ஒட்டிக்கொண்டு, காதில் செவிமொட்டைச் செருகிக்கொண்டு, மறுபக்கக் கதவு வழியாக அலுவலகத்துக்குள் வருவார்கள். அதற்குப் பிறகு யாருடைய சொந்த முகமும் யாருக்கும் தெரியாது. எல்லோரும் எல்லோரையும் பதவிமுகத்தில்தான் பார்ப்பார்கள், பதவிக்குரலில்தான் கேட்பார்கள். ஆள் போனால் அந்த முகத்துக்கும் பெயருக்கும் வேறு ஆள் வருவார். கடல் கடந்த வாடிக்கையாளர்களுக்குத் திரையில் என்றைக்கும் அதே மீரா, அதே ஷைலஜா. அவர்களுக்கு வயதாவதில்லை, வேலையை விட்டுவிட்டுப் போவதுமில்லை.

இந்த யோசனை நிறுவனருக்கு எப்படி வந்தது என்பதை, வேலைக்குச் சேரும் அன்று ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். சின்ன வயதில் அவர் அம்மாவோடு உட்கார்ந்து டிவி சீரியல் பார்ப்பாராம். ஒருநாள் மருமகளாக நடித்தவர் மாறிவிட்டார். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டையைக் காட்டிவிட்டுக் கதை அது பாட்டுக்குப் போனது. அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் புது மருமகளுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். 'ஒரு மனுஷர் போவதற்கு ஆகும் விலை இரண்டு நாள் முணுமுணுப்பு. அந்த அட்டையையும் காட்டாமல் விட்டால் அதுகூட இல்லை' என்று நிறுவனர் சிரிப்பதோடு படம் முடியும். எல்லோரும் கை தட்டுவார்கள். வேதவல்லியும் தட்டியிருக்கிறாள்.

ஏனென்றால் அவளும் இங்கே பதிலுக்கு வந்தவள்தான். அவளுக்கு முன்பு ஒரு மீரா இருந்தாள். சேர்ந்த அன்றே முன்கதைச் சுருக்கம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். 'மீராவும் ஷைலஜாவும் நெருங்கிய தோழிகள். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். முதல் கவளத்தை டப்பா மூடியில் வைத்து மற்றவருக்குக் கொடுத்த பிறகே சாப்பிடுவார்கள்.' பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஷைலஜா எதுவுமே கேட்கவில்லை. மூடியில் சோறு வைத்து நகர்த்தினாள். நல்லவேளை, ஏமாந்துவிட்டாள் என்று வேதவல்லிக்கு உயிர் வந்தது. பிறகு வருடங்கள் ஓட, அந்த நடிப்பு எப்போது நிஜமானது என்று அவளுக்கே தெரியாது. அம்மா செத்துப்போன வாரம், புருஷனிடம்கூட அழாதவள் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் அழுதாள்.

நேற்று நடந்ததுதான் இப்போது நெஞ்சை அறுத்தது. நேற்று ஷைலஜா சரியாகச் சாப்பிடவில்லை. வேதவல்லிதான் விடாமல் துளைத்தெடுத்தாள். கடைசியில் ஷைலஜா சொன்னாள். அக்குளில் ஒரு கட்டி. சனிக்கிழமை பத்து மணிக்குப் பெருங்குடி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

"நான் வர்றேன்," என்றாள் வேதவல்லி.

"வெளியில என் முகம் உங்களுக்குத் தெரியாதே."

"வந்துட்டா கண்டுபிடிச்சிடலாம், விடுங்க."

செவிமொட்டு எல்லாவற்றையும் கேட்கும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் மறந்துபோனார்கள். நோயில் படுத்துவிடக்கூடிய ஆளை நிறுவனம் படுக்கும் வரை வைத்திருப்பதில்லை. நாம் கிளறாமல் இருந்திருந்தால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாளே என்று வேதவல்லிக்கு இப்போது உறைத்தது.

"நேத்து என்னமோ பயந்துபோய் உளறிட்டேன்ல?" என்றாள் எதிரே இருந்தவள், மனப்பாடம் ஒப்பிக்கிற வேகத்தில். "அது வெறும் வேனல்கட்டியாம். சனிக்கிழமை நீங்க வர வேண்டாம்."

"இது உங்க தீயல் இல்லை," என்றாள் வேதவல்லி.

ஷைலஜாவின் முகம் சிரித்தபடியே இருந்தது. பதவிமுகத்துக்குப் பயப்படத் தெரியாது. ஆனால் மேசைக்குக் கீழே ஒரு கை வந்து வேதவல்லியின் கையைப் பிடித்தது. முகவில்லையால் தொடுகையை மாற்ற முடியாது. ஷைலஜாவின் கை அகலமானது, உள்ளங்கை சொரசொரப்பாக இருக்கும். இது சின்னப் பெண்ணின் கை. சில்லிட்டுப்போயிருந்தது. தயவுசெய்து என்று அந்தக் கை கெஞ்சியது. ஒரு பதவிமுகத்தின் குட்டு வெளிப்பட்டால் அதைப் போட்டிருப்பவரின் வேலை போய்விடும்.

சாப்பிட்டு முடிப்பதற்குள், ஆள் மாறியது தெரியாமல் பார்த்துக்கொள்ளும் தொடர்ச்சிப் பிரிவிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கே பரசுராமன் இருந்தார். எத்தனையாவது பரசுராமனோ, யாருக்குத் தெரியும். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"அவங்க எங்க சார்?"

"யாரு?"

"ஷைலஜா."

"இப்பதானே அவங்களோட சாப்பிட்டீங்க?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். "சரி, உங்களுக்கு ஏதோ வித்தியாசமாப் பட்டிருக்கு. என்ன வித்தியாசம்?"

"தீயல். அவங்க வைக்கிற தீயல் அது இல்லை."

"அப்படியா? அவங்க எப்படி வைப்பாங்க?"

வேதவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. என்னை என்னவென்று நினைத்தாய், அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற வீறாப்பு. மூச்சு விடாமல் சொன்னாள். தேங்காயைக் காப்பித்தூள் நிறம் வருகிற வரை வறுக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்பை ஏற்றக் கூடாது. வெங்காயத்தை நறுக்காமல் முழுசாகப் போட வேண்டும். புளியைக் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. இறக்கிய பிறகு பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி. இதெல்லாம் ஷைலஜா வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி அவள் காதில் ஏறியவை. "பாத்தீங்களா சார்? அவங்களைப் பத்தி எனக்குத் தெரியும். என்னை ஏமாத்த முடியாது."

"ரொம்ப நன்றி மீரா," என்றார் பரசுராமன். மனமார்ந்த நன்றிதான் அது. அவரை வாயடைக்க வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேதவல்லி எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை வீட்டில் கத்தரிக்காய்க் கொத்சு செய்து, இட்லியோடு டப்பாவில் எடுத்துக்கொண்டு பெருங்குடிக்குப் போனாள். புதன்கிழமைகளில் மீராவின் டப்பாவில் வருவது அதுதான். ஷைலஜாவுக்கு உயிர்.

காத்திருப்புக் கூடம் நிறையப் பெண்கள். வேதவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அலுவலகத்தில் ஷைலஜாவுக்கு முப்பது வயதுதான், ஆனால் உண்மையில் எத்தனையோ. கறுப்போ சிவப்போ, ஒல்லியோ குண்டோ, எதுவும் தெரியாது. உயிரோடு உயிராகப் பழகியவளை இந்த நாற்பது ஐம்பது பேருக்கு நடுவில் அடையாளம் காட்டத் தெரியவில்லையே என்று அவமானமாக இருந்தது. ஷைலஜா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். வேறு யாரோ ஒரு ஷைலஜா திரும்பிப் பார்த்தாள்.

வெகுநேரம் நின்று கால் கடுத்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் தலை சுற்றியது. டப்பாவைத் திறந்தாள். ஒரு இட்லியை எடுத்து மூடியில் வைத்து, மேலே கொத்சு ஊற்றி, யோசிக்காமலேயே மூடியை இடது பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு நாற்காலி தள்ளி இருந்த அம்மாள் அந்த மூடியையே பார்த்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். முன்தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தாள். எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூடியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். உள்ளங்கை அகலமாக இருந்தது.

"வந்துட்டியா மக்கா," என்றாள். வேதவல்லி இதுவரை கேட்டிராத கரகரத்த குரல். "இங்க பெனிலான்னு கூப்பிட்டாத்தான் நான் திரும்புவேன், கேட்டியா."

வேதவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னாலதான், நான்தான் உங்களைப் பேச வச்சேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெனிலா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே இட்லியைச் சாப்பிட்டு முடித்தாள்.

"கொத்சு நல்லாருக்கு. மொத வாரம்தான் ஒனக்கு செரியா வரல்ல."

"எந்த மொத வாரம்?"

"நீ வந்த மொத வாரம். பழைய மீரா இல்லாமப் போன வாரம்."

வேதவல்லிக்கு அழுகை நின்றுவிட்டது. "அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"வாயில வச்ச ஒடனே தெரிஞ்சுட்டு. அவ சிதம்பரத்துக்காரி, கத்தரிக்காயச் சுட்டு மசிப்பா. நீ வேக வச்சுக் கொண்டுவந்தே. எனக்கு அப்படி ஒரு கோவம். அந்த ஆபீசர் கூப்பிட்டுக் கேட்டாரு. இப்படிச் சுடணும், இப்படி மசிக்கணும், என்னை ஏமாத்தப் பாக்காதீங்கன்னு எல்லாத்தையும் கொட்டிட்டு வந்தேன்."

வேதவல்லிக்கு ஞாபகம் வந்தது. சேர்ந்த இரண்டாவது வாரம் முன்கதைச் சுருக்கத்தில் ஒரு பத்தி கூடியிருந்தது. 'கத்தரிக்காயைத் தணலில் சுட வேண்டும்.' ஆரணிக்காரியான அவள் நிரந்தராவில் சேர்வதற்கு முன்பு கொத்சு கண்டதில்லை. இன்று அவள் பிள்ளைகள் அம்மா கை மணம் என்று அதைத்தான் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள்.

"அவங்களைத் தேடிப் போனீங்களா?"

பெனிலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போவணும்னுதான் இருந்தேன். அடுத்த வாரம் நீ கொத்சு கொண்டுவந்தே. அச்சு அசலா அதே ருசி. வயிறு நெறஞ்சுட்டு மக்கா. பெறவு அந்த நெனப்பே வரல்ல."

உள்ளே கூப்பிட்டார்கள். வேதவல்லியும் கூடவே போனாள். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை வாருங்கள், கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்றார் டாக்டர். பெனிலாவுக்கு ஊரில் ஒரு தம்பி மட்டும்தான். அவனிடம் அவள் சொல்லவில்லை.

"நான் வர்றேன்," என்றாள் வேதவல்லி. "உங்க நம்பரைக் குடுங்க."

"நம்பர் வேண்டாம். போன்ல எனக்க பேரப் பாத்தானுவன்னா ஒனக்க வேலையும் பெய்ரும். வியாழக்கிழமை நீ வந்தாப் போதும். வருவேல்லா?"

"சத்தியமா வருவேன்."

திங்கட்கிழமை காலை வேதவல்லி விடுப்புக்கு எழுதப் போனாள். காரணம் கேட்டது இயந்திரம். கோவில் என்பதா, கல்யாணம் என்பதா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாக யோசித்துப் போடலாம் என்று வைத்துவிட்டாள்.

மதியம் எதிரே இருந்தவள் டப்பாவைத் திறந்தாள். கிழமை தப்பி, திங்கட்கிழமையே தீயல் வந்திருந்தது. மூடியில் சோறு வைத்து, முழு வெங்காயமாகப் பார்த்து எடுத்துப் போட்டு நகர்த்தினாள். என்ன வந்தாலும் இது அவள் தீயல் இல்லை என்று சொல்லிவிடுவதென்று பஸ்ஸில் வரும்போதே வேதவல்லி முடிவு செய்திருந்தாள். கவளத்தை வாயில் வைத்தாள்.

காப்பித்தூள் நிறத் தேங்காய். நீர்த்த புளி. கடைசியில் அந்தப் பச்சை எண்ணெயின் வாசனை.

"இன்னைக்கு நல்லாருக்கா மீரா?"

நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "நல்லாருக்கு," என்றாள். மேசைக்குக் கீழே அந்தச் சின்னக் கை வந்து நன்றியோடு அவள் கையை அழுத்தியது. பாவம், இதுவும் யார் வீட்டுப் பெண்ணோ, என்ன கஷ்டமோ என்று வேதவல்லிக்கு மனம் இளகியது. இன்னும் கொஞ்சம் போடு என்று மூடியை நீட்டினாள். மேலதிகாரியைப் பற்றிய பழைய கேலி ஒன்றைப் புதியவள் எடுத்துவிட்டாள். அதுவும் சுருக்கத்தில் இருந்திருக்கும். இருவரும் கண்ணில் நீர் வர, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்றைய மத்தியானம் வெகுநாளைக்குப் பிறகு லேசாகக் கழிந்தது.

சாயங்காலம் முகவில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முகம் தெரியாத கூட்டத்தோடு பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் அவளுக்குச் சுரீரென்றது. விடுப்புக்கு எழுதவில்லை. எழுதவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பெனிலாவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

இன்றைக்குத் திங்கள்தானே, நாளைக்கு முதல் வேலையாகப் போட்டுவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சிதம்பரத்துக்காரியைத் தேடிப் போக வேண்டும் என்று பெனிலாவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.