பாப்பாவின் முடி

முடி சுருட்டும் கர்லர் நூற்றெண்பது டிகிரி வரை ஏறி, தயார் என்று மூன்று முறை கூவியும் விட்டது. ஆனால் மேசை மேலிருந்த விக்கில் ஒரு கற்றையை எடுத்து அதில் சுற்றியதும், கைப்பிடியில் இருந்த சின்னத் திரையில் எண் சரசரவென்று இறங்கி முப்பத்தேழில் போய் நின்றது. அவள் பத்து எண்ணிவிட்டு மெஷினை உருவினாள். கற்றை சுருளாமல் நேராகத் தொங்கியது. உருவிய கையோடு எண் மறுபடியும் நூற்றெண்பதுக்கு ஏறிக்கொண்டது.

"சனியனே, உன்னை வாங்கி இன்னும் புதுசுகூட கலையலை" என்று மெஷினைத் திட்டினாள்.

பார்லர் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டின் முன்னறைதான் பார்லர். ஒரு சுழல் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, சுவரோரம் கண்ணும் வாயும் இல்லாத தெர்மாகோல் தலைகள். முடி வெட்டுவது, சாயம் பூசுவது போக, நோயில் முடி கொட்டியவர்களுக்கு விக் தைத்துக் கொடுப்பதும் உண்டு. வலைத் தொப்பியில் இழை இழையாக முடிச்சுப் போடுகிற வேலை, கண் பூத்துப்போகும். இப்போது மேசையில் இருந்தது வங்கி மேனேஜர் அம்மாவுக்கு. டோப்பா என்று வாய் தவறிச் சொன்னாலும் அந்த அம்மாவுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அலை அலையாகச் சுருள் வேண்டும், நாளைக் காலையில் வந்து தலையில் வைத்துக்கொண்டுதான் போவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

முடி கடையில் வாங்கியது இல்லை. உள்ளறையில் அடைந்து கிடக்கும் தன் மகளுடையது.

பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, கூரியர் கொண்டு வருகிற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகவும், அவனோடு வேறு ஊருக்குப் போகப் போவதாகவும், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போலச் சொன்னாள். முளைத்து மூன்று இலை விடாததற்கு வாயைப் பாரு. அப்பன்காரன் இவளை வயிற்றில் கொடுத்துவிட்டுப் போனவன், திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அம்மாவுக்கு இன்னொரு மூச்சுச் சத்தம் என்று இருந்தால் அது இவளுடையதுதான். அதுவும் போய்விட்டால் ராத்திரிகளில் தெர்மாகோல் தலைகளோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை. "வாடி, தலை வாரி விடறேன்" என்றாள். அம்மா இறங்கி வந்துவிட்டாள் என்று நம்பி, அந்தப் பைத்தியம் ஓடி வந்து காலடியில் உட்கார்ந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை நன்றாகக் கையில் சுற்றிக்கொண்டு, பிடரியோடு சேர்த்துக் கத்தரித்தாள். இந்தக் கோலத்தில் எவன் கூட்டிக்கொண்டு போவான், பார்த்துவிடலாம். அன்று உள்ளறைக்கு வெளியே போட்ட தாழ்ப்பாள், சாப்பாட்டுத் தட்டு உள்ளே போவதற்கு மட்டும்தான் திறந்தது. பெற்ற மனம் பித்து என்பார்கள். பித்திலும் பல வகை இருக்கிறது.

வெளியே மழை பிடித்திருந்தது. பொழுது சாயும் முன்பே அறை மங்கிவிட்டதால் கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகளைப் போட்டாள். மெஷினில்தான் கோளாறு என்றால் அதையும் பார்த்துவிடுவோம் என்று, பழகுவதற்கு வைத்திருந்த நைலான் முடியில் ஒரு கற்றையைச் சுற்றினாள். எண் இறங்கவே இல்லை. சில நொடியில் பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை மூக்கில் ஏற, அவசரமாக உருவினாள். நனைந்த காகிதத்தை வைத்துப் பார்த்தாள். சுர்ரென்று ஆவி கிளம்பியது. மெஷின் பழுதில்லை. மறுபடி பாப்பாவின் முடிக்கு வந்தாள். முப்பத்தேழு.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மெஷின் தன்னை ஏய்ப்பதை விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை அவள். ஏற்றும் பொத்தானை அழுத்தி அழுத்தி இருநூறுக்குக் கொண்டுபோனாள். முடியைக் கவ்வியிருந்த நிலையிலேயே எண் மெல்ல அசைந்தது. முப்பத்தெட்டு. இன்னும் அழுத்தினாள். முப்பத்தொன்பது. மழைச் சத்தத்துக்கு நடுவே, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசம் சூடேறி எழும்பியது. பாப்பாவின் தலையணையில் அடிக்கிற அதே வாசம். அலசி, காயவைத்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த முடியில் அந்த வாசம் மிச்சம் இருக்கவே கூடாது.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா... தலையெல்லாம் காந்துதும்மா."

"முடியே இல்லாத தலைக்கு என்னடி காந்தல்?"

"நெருப்பா கொதிக்குது. தண்ணியாவது குடும்மா."

அவள் திரையைப் பார்த்தாள். முப்பத்தொன்பது. ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்த காலத்தில், வருகிற வாடிக்கைக்காரிகளின் நெற்றிக்கெல்லாம் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை நீட்டி எண் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். முப்பத்தாறு, முப்பத்தேழு என்றால் உள்ளே வரலாம். முப்பத்தொன்பது என்றால் வீட்டுக்குப் போ.

அந்தத் துப்பாக்கி இன்னும் இழுப்பறையில்தான் கிடந்தது. அதை எடுத்தாள். கர்லரை முடியைக் கவ்வியபடியே மேசையில் விட்டுவிட்டு, உள்ளறைக் கதவை ஒரு சாண் திறந்தாள். கட்டிலில் சுருண்டிருந்த பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். கோணல்மாணலாகக் கத்தரித்த தலை, உப்பிய கண்கள். ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் வைத்துவிட்டு நெற்றிக்கு நேராகக் குறி வைத்தாள். முப்பத்தொன்பது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடி வந்து, சூட்டைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினாள். எண் இறங்கியது. முப்பத்தெட்டு. முப்பத்தேழு. உள்ளே முனகல் நின்றது.

அவள் சுழல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பயம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. முடியைத் தொடவே கூசியது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டும் தனக்குப் பிடி கொடுக்காத பெண்ணின் குடுமி, இதோ, கையில் இருக்கிறது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

"பாப்பா" என்று குரல் கொடுத்தாள். "இப்ப எப்படி இருக்கு?"

"தேவலாம்."

"அந்தப் பையனை மறந்துட்டேன்னு சொல்லு. கதவைத் திறக்கறேன். பழைய மாதிரி இருப்போம்."

அழாமல், கோபப்படாமல், மிகவும் களைத்துப்போன குரலில் பதில் வந்தது.

"நான் போயிடுவேன்மா. என்னிக்காவது ஒரு நாள் நீ கதவைத் திறந்துதானே ஆகணும்."

அடியாத மாடு படியாது. கொஞ்சம்தான், ஒரே ஒரு தரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள்.

முப்பத்தொன்பது. நாற்பது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "அம்மா!" கதவில் உள்ளங்கை அறைகிற சத்தம். "அம்மா, எரியுதும்மா!"

"போகமாட்டேன்னு சொல்லு."

நாற்பத்தொன்று. கற்றையிலிருந்து மெல்லிய ஆவி எழும்பியது. முடி வாடை இல்லை அது. காய்ச்சல்காரர் படுக்கையில் அடிக்கிற புளித்த வியர்வை வாடை.

"சொல்லுடி!"

"போகமாட்டேன்... போகமாட்டேம்மா... உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன்..."

ஜெயித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்ட, "என் கண்ணே" என்று முணுமுணுத்துக்கொண்டு கர்லரை உருவி எடுத்தாள்.

எண் முன்பு போல ஏறிக்கொள்ளவில்லை. நாற்பத்தொன்றிலேயே நின்றது. குறைக்கும் பொத்தானை அழுத்தினாள். மாறவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். வயர் செத்த பாம்பாகத் தரையில் கிடக்க, திரை மட்டும் எரிந்தது. நாற்பத்திரண்டு.

உள்ளே வார்த்தை குழறியது. யாரையோ கூப்பிடுகிறாள், அம்மாவை இல்லை.

தண்ணீர். தலையலசும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு விக்கை அப்படியே அமுக்கினாள். முடி நீரில் கறுப்பாக விரிந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. திரும்பித் திரையைப் பார்த்தாள். நாற்பது. முப்பத்தெட்டு. முப்பத்தேழு. "அப்பாடா" என்று சொல்லி, அழுகையும் சிரிப்புமாக விக்கை வெளியே எடுத்தாள்.

முப்பத்தைந்து.

துண்டில் சுற்றிப் பிழிந்தாள். முப்பத்துநான்கு. டிரையரைப் போட்டு அனல் காற்றை அடித்தாள். முடி காயவே இல்லை. முப்பத்திரண்டு. கர்லரின் பிளக்கைச் செருகினாள், பொத்தானை அழுத்தினாள், மறுபடி மறுபடி அழுத்தினாள். இரும்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"அம்மா, குளிருதும்மா." பல் தந்தியடிக்கும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

"போர்வையை எடுத்துப் போர்த்திக்கோடா. தோ, சரி பண்ணிடறேன்."

"போர்த்தியிருக்கேன். உள்ளுக்குள்ளே குளிருது."

முப்பது. விக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஈரம் ரவிக்கையில் இறங்கியது. மூச்சுக் காற்றை ஊதினாள். இருபத்தொன்பது. பல் சத்தம் நின்றுவிட்டது. அது நின்றதுதான் இன்னும் பயமாக இருந்தது. "பாப்பா! பேசுடி!" பேச்சு இல்லை. இருபத்தெட்டு.

தலை. தலையின் சூடு.

இரண்டு கையாலும் தொப்பியை விரித்து, குளிரக் குளிர, தன் தலையில் மாட்டிக்கொண்டாள். காது வரை இழுத்துவிட்டாள். ஐஸ் தண்ணீர் பிடரி வழியாக முதுகில் வழிந்தது. கர்லரைத் தூக்கிக் கண் எதிரே பிடித்தாள்.

இருபத்தெட்டு.

இருபத்தொன்பது.

முப்பத்தொன்று. முப்பத்துநான்கு. முப்பத்தாறு.

முப்பத்தேழு. அங்கேயே நின்றது. அசையவில்லை.

கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. மேனேஜர் அம்மாவாவது மண்ணாவது, இனி இந்த விக்கை யாருக்கும் தருவதாக இல்லை. காலம் பூராவும் தலையில் வைத்துக்கொண்டே திரிந்தாலும் சரி. தலை மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது. தூக்கம் வருகிற மாதிரி இதமான சூடு.

"பாப்பா?"

"ம்."

அந்த ஒரு சத்தத்தில் அவளுக்கு உயிர் வந்தது. பக்கத்திலேயே, கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள் போல. தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவை அகலத் திறந்தாள்.

கதவோரம் யாரும் இல்லை. கட்டிலில் பாப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், போர்வை கழுத்து வரைக்கும். தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்து கிடந்தது.

"கோபமாடி? எழுந்திரு. கதவைத் திறந்துட்டேன் பாரு."

போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தைத் தொட்டாள். கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. தோளைப் பிடித்துத் திருப்பினாள். முழு உடம்பும் மடக்கிய நிலையிலேயே திரும்பி வந்தது. கண் திறந்திருந்தது. வெப்பமானியை எடுத்து நெற்றியில் அழுத்தினாள். எண் வரவில்லை. துடைத்துவிட்டு அழுத்தினாள். வரவில்லை.

இன்னொரு கையில் கர்லர். முப்பத்தேழு.

"அம்மா."

பாப்பாவின் வாய் அசையவில்லை.

"அம்மா, அந்தக் கதவைச் சாத்தேன். காத்து வருது." குரல் காதுக்கு மேலே, நெருக்கமாக, கொஞ்சலாக வந்தது. "இங்கே கதகதப்பா இருக்கு."

அவள் கர்லரைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் விக்கைப் பிடித்து இழுத்தாள். உச்சந்தலையில் பளீரென்று வலித்தது. நெற்றித் தோல் புருவத்தோடு மேலே ஏறியது.

"ஐயோ, இழுக்காதேம்மா, வலிக்குது. நான்தான் போகமாட்டேன்னு சொல்லிட்டேன்ல."

முன்னறைக் கண்ணாடியில், பல்பு வெளிச்சத்தில், அவள் உருவம் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே ஈரமில்லாமல், பளபளவென்று, உயிரோடு தொங்கும் கறுப்பு முடி. அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, விரல் நகங்களால் நெற்றியில் தொப்பியின் விளிம்பைத் தேடினாள். காதோரம் தேடினாள். பிடரியில் தேடினாள். தானே தைத்த தொப்பி, ஒவ்வொரு முடிச்சும் தெரியும் அவளுக்கு.

விளிம்பு எங்கேயும் இல்லை.