கட்டிலைச் சுற்றி ஈரம்

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து காலைக் கீழே வைத்த சின்னவளுக்குச் சில்லென்று ஈரம் பட்டது. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். கூரை ஒழுகவில்லை, பக்கத்தில் ஒரு சொம்புகூட இல்லை. ஆனாலும் அவள் கட்டிலைச் சுற்றி மட்டும், யாரோ பொறுமையாகப் பூவாளியால் ஊற்றியதுபோல ஒரு வளையம், அதிலிருந்து சிமெண்டுத் தரைக்குச் சம்பந்தமே இல்லாத ஈரமண் வாசனை. அக்காவுக்கு உடம்பு துடைத்த தண்ணீரைத் தூக்கக் கலக்கத்தில் நாமேதான் சிந்தியிருப்போம் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு வருஷமாகத் தூக்கமா விழிப்பா என்றே தெரியாமல் நடமாடுகிறவள் வேறென்ன நினைப்பாள், பாவம். துணியைப் போட்டுக் காலாலேயே துடைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள்.

அக்கா, அதாவது பெரியவள், பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம். ஜன்னலோரக் கட்டில்தான் அவளுக்கு உலகம். வாய் குழறும், இடது கையில் இரண்டு விரல் மட்டும் அசையும். தோட்டம் அவள் வைத்தது. ஒருதரம் நட்டால் போதும், தானே விதை உதிர்த்துத் தானே முளைத்துக்கொள்ளும் என்று அந்திமந்தாரையும் நித்தியகல்யாணியுமாக ஆசை ஆசையாக வைத்தாள். கவனிக்க ஆளில்லாமல் போனதும் அதுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாசற்படிவரை நெரித்துக்கொண்டு நின்றன. பூ என்று சொல்ல நாலுகூட இல்லை.

நாளைக் காலை காப்பகத்து வண்டி வருகிறது. பெரியவளை அனுப்பிவிடுவதென்று முடிவுசெய்து பத்து நாளாகிறது, அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இனி ஒரு நாள்கூடச் சின்னவளால் முடியாது, அதுதான் உண்மை. அந்தக் குற்றவுணர்ச்சிக்கு ஈடாகத்தான் இந்தத் தோட்ட வேலை. போவதற்குள் ஒருமுறையாவது அவள் கண்ணுக்கு அழகாகத் தெரியட்டுமே.

நெருங்கி முளைத்த செடிகளைக் கலைத்துப் பிடுங்குவதில் பெரியவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. முதலில் சுற்றிலும் தண்ணீர் ஊற்றணும், மூணு நாள் ஊறி மண் தளரணும், அப்புறம் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து, லேசாகத் திருகி, மெள்ள உருவணும். வேர் அறுந்தால் மறுபடி முளைத்துவிடும். குழாயடிச் சண்டையில் முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுக்கிறாளே என்று அந்தக் காலத்தில் தங்கையைக் கேலி செய்வாள்.

பாத்தியில் குனிந்தவளுக்குக் கை அப்படியே நின்றது. மதிலோரத்துச் செடிகளை அவள் இன்னும் தொடவே இல்லை. அங்கே சாணுக்கு ஒன்றாக விட்டு மற்றதெல்லாம் எடுத்தாகிவிட்டது. எடுத்தவை, வேர் மதிலைப் பார்க்க, வரிசையாகக் கிடந்தன. ஒரு வேர்கூட அறுந்திருக்கவில்லை. பெரியவள் அப்படித்தான் அடுக்குவாள்.

ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, இங்க யாராச்சும் வந்தாங்களா?"

பெரியவள் செடிகளைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை. இத்தனை நாள் குழறிய வாய் தெளிவாகப் பேசியது.

"நெருங்கி நின்னா ரெண்டும் பூக்காது. ஒண்ணுதான் நிக்கணும்."

போர்வைமேல் கிடந்த அந்த இரண்டு விரல். நகக்கண்ணில் கறுப்பாக மண். காலையில்தானே துடைத்துவிட்டேன், என்று நினைத்தாள் சின்னவள். ஓடியிருக்கலாம். ஓடவும் தெம்பு வேண்டுமே. காலெல்லாம் தொளதொளத்துப் போயிற்று. ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று உள்ளே போய்க் கட்டிலில் சாய்ந்தாள்.

கண் திறந்தபோது சாயங்காலம். அந்திமந்தாரை விரிந்த வாசனை வீடு முழுக்க. எழப் பார்த்தாள். முடியவில்லை. மெத்தை சொதசொதவென்று ஊறியிருந்தது. உடம்பு அதற்குள் தளர்ந்து கிடந்தது.

கழுத்தை மட்டும் திருப்பினாள். ஜன்னலோரக் கட்டில் காலி.

தண்ணீர் விழும் சத்தம். கட்டிலைச் சுற்றி வந்தது. நின்றது.

"அக்கா..."

"நாளைக்கு வண்டி வருதாமே." கால்மாட்டில் குரல். கோபமே இல்லை. களைத்த குரல். "எனக்கும் அலுத்துப்போச்சுடி."

இரண்டு விரல். ஈரமாக. கணுக்காலைப் பிடித்தன. லேசாகத் திருகின.

வலிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை உள்ளே ஓடிய ஏதோ ஒன்று, நுனிகூட அறுபடாமல், மெள்ள, மெள்ள உருவிக்கொண்டு வந்தது. பெரியவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பழக்கம்போல, மண்ணை உதறினாள்.