ஹெட்லியின் காவல் முறை

கல்லறைத் தோட்டத்து வாசற்கதவை வினிஃப்ரெட் டாரன்ட் தன் கையாலேயே கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். இருந்தும் சாயங்காலமானால், அவள் கணவர் ஹெட்லி வேலை முடிந்து அந்த வழியாக வந்தபோதெல்லாம் கேட்டதுபோலவே, அதன் கொண்டி ‘டக்’ என்று விழுந்தது. ஹெட்லியைப் புதைத்து ஒரு வருடமாகிறது. அவள் அழவில்லை. இரவில் அவள் பக்கத்துப் போர்வை ஓரத்தை அவர்போல் மடித்துத் திறந்துவைக்க ஆளில்லாததால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள், அவ்வளவுதான்.

அன்று ஊர்க்கூடத்தில், சரித்திரச் சங்கத் தலைவர் ஃபேர்கிளாஃப் எழுதிய ஊர் வரலாறு வெளியானது. எந்தக் காலத்திலோ ஓர் அரசனின் குதிரை இந்த வழியில் லாடத்தைத் தொலைத்ததாம். மூன்று அத்தியாயம் அதற்கே. பாதிரியார் முன்வரிசையில் கண்மூடித் தியானித்தார். குறட்டை மட்டும் கொஞ்சம் வெளியே கேட்டது.

பிறகு தலைவர் பழைய நம்பிக்கைகளுக்கு வந்தார். கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் கல்லறைத் தோட்டத்துக்குக் காவல். அடுத்தவர் வந்தால்தான் விடுதலை.

“அப்போ ஹெட்லி மாட்டிக்கிட்டான்,” என்றான் கசாப்புக்கடை டகெட். “இடமில்லன்னு அவனோடதான தோட்டத்தையே மூடுனாங்க. உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருப்பானா? நல்லா நிக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். வினிஃப்ரெட் கேக்கை மென்றாள். ருசி தெரியவில்லை. பிறகு கேட்டாள், அவரைக் காவலிலிருந்து யார் மாற்றிவிடுவார்கள் என்று.

தன் பேச்சுக்கும் ஒரு கேள்வி வந்த மகிழ்ச்சியில் தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். “புதுசா யாருக்கும் அனுமதி கிடையாது, மிஸஸ் டாரன்ட். முன்னாடியே வாங்கிவச்ச இடம்னா செல்லும். அது ஒண்ணுதான் பாக்கி. அவர் பக்கத்துல, உங்களோடது.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது போலும். இன்னொரு துண்டு கேக்கை அவள் தட்டில் வைத்தார்.

வீட்டுக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. நவம்பர் மாதத்து இருட்டு தேநீர் வேளையிலேயே இறங்கிவிட்டிருந்தது. ஈர இலை வாசனையும் யாரோ வீட்டு விறகுப் புகையும் சாலையில் அவளோடு கூடவே வந்து, தோட்டத்துச் சுவர் தொடங்கிய இடத்தில் சட்டென்று நின்றுவிட, அங்கிருந்து ஹெட்லியின் புகையிலை மட்டும் மணத்தது.

டக்.

வரும்போது அவள் கட்டிவிட்டு வந்த கயிறு அறுபடவில்லை. அவிழ்த்து, நேர்த்தியாகச் சுருட்டி, சுவர்மேல் வைத்திருந்தது.

ஹெட்லி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பி கையில். முகம் இருட்டில். கால் மாற்றி நின்றார். நின்று நின்று அலுத்தவர்போல்.

ஓடலாம். ஓடத் தோன்றவில்லை.

அவருக்குப் பின்னால் அவர்கள் இருவருக்குமான கல்லறைக்கல், அவர் பெயர் மட்டும் எழுதி, மறுபாதி காலியாக. அதன் கீழே, அவள் பக்கத்துப் புல்தரை, ஓரத்தில் போர்வைபோல் பதவிசாக மடித்து விடப்பட்டிருந்தது.