ஜெனரலுக்கு ஒரு ‘வேண்டாம்!’

“ஐயோ... மாதாவே!”

கரோலினாவின் அலறல் ஒஸ்லோவின் அம்மருட் அடுக்குமாடியின் பதினோராவது தளத்தையே உலுக்கியது.

குசினித் தரையில், அடுப்புக்கு முன்னால், ஸ்ரனிஸ்லாஸ்.

தொண்டையில் ஆழமான வெட்டு! வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். மதியம் பத்திரிகையாளர் முன்னால் பேசவென்று டை கட்டித் தயாராக இருந்த மனிதர். அவரைக் கூட்டிப் போகத்தான் அவள் வந்தாள். கதவு பூட்டாமல் கிடந்தது.

அது 2005 பெப்ரவரி.

போன வாரம்தான் இருவரும் ஆபிரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார்கள். ஜனநாயகத்துக்கு மாறுவதாகச் சொன்ன ஒரு இராணுவ நாடு. ‘ஜெனரல் இன்னும் ஐந்து வருடம் இருக்கலாமா?’ என்று சர்வஜன வாக்கெடுப்பு. ஒஸ்லோவிலிருந்து போன சுயாதீனக் கண்காணிப்புக் குழுவில் அவள் ஒரு தாதி, அவர் ஒரு பஸ் சாரதி.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், ‘வேண்டாம்’ என்று போட்டவர்களைச் சிப்பாய்கள் சுவரோடு நிறுத்திச் சுட்டதை இவர்கள் இருவரும் கண்ணால் கண்டார்கள்; இன்று மதியம் சொல்ல இருந்ததும் அதைத்தான்.

இருவர். இப்போது ஒருத்தி!

குழுத் தலைவர் வரதராசாவைப் போனில் அழைத்தாள்.

“அண்ணை... ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையை வெட்டிப் போட்டாங்கள்!”

“என்ன பிள்ளை சொல்லுறாய்? பொலிசுக்குச் சொன்னனியே?”

“இனித்தான்...”

“வேண்டாம்! நான் திராமனிலை, வீட்டிலை நிக்கிறன். உடனை வாறன். அசையாதை!”

அவள் அசைந்தாள். பொலிசுக்குப் போன் அடித்தாள். விலாசம் சொல்லி முடித்த கையோடு...

டிங் டாங்!

கதவைத் திறந்தாள். வரதராசா!

ஒரு மணிநேரத் தூரத்துத் திராமன் எங்கே, அம்மருட் எங்கே... இறக்கை கட்டிக்கொண்டா வந்தார்?

“அண்ணை... நீங்கள் கீழையே நிண்டனீங்கள்!”

வரதராசா உள்ளே வந்து கதவைப் பூட்டினார். கோட்டுக்குள்ளிருந்து கத்தி வெளியே வந்தது.

“உனக்காகத்தான் நிண்டனான், பிள்ளை. ‘வாக்கெடுப்பு அமைதி’ எண்டு ஒரு வசனம். அதைச் சொல்ல ரெண்டு பேருக்கும் ஏன் வாய் வரேல்லை?”

“சனத்தைச் சுட்டவங்கள்!”

“ஜெனரல் என்னை இஞ்சை தன்ரை நாட்டுத் தூதுவர் மாதிரி, கௌரவ கொன்சல் ஆக்கிறன் எண்டவர். கொடி வைச்ச கார்! உங்களாலை அது போகவோ?”

பாய்ந்தார்!

கத்தி அவள் தோளைக் கிழித்தது. தலைமயிரைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் முகத்தை மோதினார். பல்லொன்று தெறித்தது. கழுத்தை நெரித்த கையை அவள் கடித்தாள்... எலும்பு தட்டும்வரை கடித்தாள்!

“ஆ...!”

கத்தி விழுந்தது. அவள் பல்கனிக்கு ஓடினாள். அவர் துரத்தினார். அவள் சட்டென விலக, உறைபனியில் அவர் கால் வழுக்கியது...

கம்பிக்கு மேலால் போனார் வரதராசா!

அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள் கரோலினா.

“விடாதை பிள்ளை... விட்டிடாதை!”

விட்டால் போதும். கையும் அதைத்தான் கேட்டது. ஸ்ரனிஸ்லாஸின் முகம் கண்முன் வந்தது. அழுதாள். ஆனால் விடவில்லை.

“சாகாதையடா! செய்ததைக் கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை நிண்டு சொல்லு!”

கதவு உடைந்தது. பொலிஸ்! முன்னால் ஓடி வந்த இளம் அதிகாரி றொனால்ட், தமிழ்ப் பெடியன், அவரை எட்டிப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான்.

விலங்கு விழுந்ததும் வரதராசாவுக்கு வாய் திரும்பியது.

“டேய்! நான் கொன்சலாகப் போற ஆள். என்ரை ஜெனரல் ஒரு போன் அடிச்சால் நீ வேலையிலை இருக்கமாட்டாய்!”

“வாற வழியிலை ரேடியோவிலை சொன்னவங்கள், ஐயா. ராத்திரியே எண்ணி முடிச்சாச்சாம். ‘வேண்டாம்’ வெண்டிட்டுது. ராணுவமும் சனத்தோடை சேர்ந்திட்டுதாம். ஜெனரல் ராவோடை ராவா நாட்டை விட்டு ஓடிட்டார்.”



கரோலினா ஸ்ரனிஸ்லாஸின் முகத்தைத் துணியால் மூடினாள். கண்ணைத் துடைத்தாள்.

“தம்பி, என்னைப் பத்திரிகைக்காரரிட்டைக் கொண்டுபோய் விடும்.”

“அக்கா, முதல் ஆஸ்பத்திரி. உங்கடை வாயெல்லாம் ரத்தம். ஜெனரல்தான் ஓடிட்டாரே?”

“அவர் ஓடினால், சுவரோடை நிண்டவை எழும்பி வருவினமே? கதைச்சிட்டு வாறன்.”

றொனால்ட் தலையசைத்தான்.

“ஓடி... ஜெனரல் எங்கை போனவர்?” வரதராசா கேட்டார்.

“இஞ்சைதான், ஐயா! விமான நிலையத்திலை அகதி எண்டு பதியச் சொல்லி நிக்கிறார். அவருக்கு இடம் கிடைக்கக் கனகாலம் எடுக்கும். கவலைப்படாதேங்கோ... உங்களுக்கு இண்டைக்கே அறை ரெடி!”