சொட்டுச் சொட்டாய் ஒரு கொலை

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில், காலை பத்து மணிக்கு, சம்பத் சுருண்டு விழுந்தார்.

ரிட்டயர்டு ஏட்டு. இந்த வாரத்தில் இது மூன்றாவது மயக்கம்...

கண் திறந்ததும் அவர் போன் போட்டது சப்-இன்ஸ்பெக்டர் ஜெரோமுக்கு. ஒரு காலத்தில் இருவரும் ஒரே ஸ்டேஷன்.

"ஜெரோமு, என்னை யாரோ கொஞ்சம் கொஞ்சமா கொன்னுகினு கீறாங்க."

"யாரு மேல சந்தேகம்ணே?"

"வூட்ல சமைக்கறது ஒரே ஆளு தான்."

ஜெரோம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், சம்பத்தின் மனைவி வரலட்சுமி வெளிறிப் போனாள்.

"இருபத்தெட்டு வருஷம் என் சோத்த துன்னுட்டு... விஷம்னா சொல்றீங்க?"

சம்பத் ரசத்தைப் பாட்டிலில் ஊற்றி, துணி கட்டி, சீல் வைத்துக்கொண்டிருந்தார். தடயம்!

ஜெரோம் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"நாடி நாப்பத்திரெண்டு தான் கீது. ஜீப்புல ஏறுண்ணே."

செங்கல்பட்டு. ஆஸ்பத்திரி.

இ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் சிநேகா நிமிர்ந்தாள்.

"என்ன மருந்து எடுத்துக்கறீங்க?"

"கண்ணுல நீர் அழுத்தம். சொட்டு மருந்து மட்டும் தான்மா."

சட்டைப் பையிலிருந்து இரண்டு பாட்டில்கள் வந்தன. சிநேகா லேபிள்களைப் படித்தாள்.

"இது பழசு. இதுல இருக்கறது டிமோலால். இது புதுசு, ரெண்டு மருந்தை ஒண்ணா கலந்தது. அதுலயும் டிமோலால் இருக்கு. புதுசு குடுத்தப்ப பழசை நிறுத்தச் சொல்லலையா?"

"சொன்னாங்க..." சம்பத்தின் குரல் இறங்கியது. "பாதி பாட்டில் மிச்சம் இருந்துச்சு. வீணாக்க மனசு வரல. ரெண்டும் வுட்டா சீக்கிரம் சரியாவும்னு..."

"கண்ணுல விட்டாலும் ரத்தத்துல கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். ஒரே மருந்தை டபுளா போட்டிருக்கீங்க. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. கண் டாக்டர்கிட்ட பேசி வேற சொட்டு மாத்தித் தரேன். மருந்தையே விட்றாதீங்க. பார்வை போயிடும்."

இரண்டு நாளில் நாடி அறுபதைத் தொட்டது.

வரலட்சுமி கட்டிலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வரம், நான் ஒரு முட்டாளு."

"தெரியும்."

ஜெரோம் தொண்டையைச் செருமினார். "புகார இன்னாண்ணே பண்றது?"

"கிழிச்சுப் போடு. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல அக்யூஸ்ட் யாருன்னு சரியா கண்டுபுடிச்சது இந்த ஒரு கேஸ்ல தான்."

வரலட்சுமி முதல் முறையாகத் திரும்பினாள்.

"கண்டுபுடிச்சது டாக்டரம்மா. நீங்க புடிச்சது என்னை."